பழைய பின்பாலில் விளக்கு மங்கினால்: டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றும் முன்

பின்னால் படிக்க வருபவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நியூஜெர்சியில் இருக்கும் நண்பர் ஒருவர், பழைய சாமான் விற்ற ஒரு வீட்டில் 1976-இல் வந்த, காட்லீப் கம்பெனியின் ராயல் ஃபிளஷ் பின்பால் இயந்திரத்தை (சாய்ந்த தளத்தில் உருளும் பந்தை மட்டையால் அடித்து ஆடுவது) வாங்கியிருக்கிறார். சிப்பு கிடையாது, கம்ப்யூட்டர் போர்டு கிடையாது. ரிலே (மின்காந்தம் இழுத்துத் திறந்து மூடும் சுவிட்ச்), காயில் (கம்பிச் சுருள்), மோட்டார், சுற்றும் எண் சக்கரம் இவ்வளவுதான். சுவிட்சைப் போட்டதும் விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. அரை மணி நேரம் ஆடியதும் எல்லாம் மஞ்சளாகி, அப்புறம் ஆரஞ்சு நிறத்துக்கு இறங்கிவிடுகின்றன. ஃபிளிப்பர் (பந்தை அடிக்கும் மட்டை) பொத்தானை அழுத்தினால் இன்னும் ஒரு படி மங்குகிறது. எல்லா பல்புகளையும் மாற்றிப் பார்த்துவிட்டார், பலன் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது, வேறு வாங்கிப் போடு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாங்கலாமா என்று கேட்கிறார். வாங்குவதா வேண்டாமா என்பதை விட, அந்த ஆறு வோல்ட்டில் எவ்வளவு எங்கே தொலைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இதில் உள்ள கேள்வி. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில், வாங்காதீர்கள். நான் ஊரில் ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன். சிகாகோ பக்கம் குடிவந்த பிறகு பொழுதுபோக்காகத் தொடங்கி, பதினைந்து வருடமாக இந்தப் பழைய இயந்திரங்களைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் 1960, 70-களில் இதே சிகாகோவில் செய்யப்பட்டவை. இவ்வளவு வருடத்தில் விளக்கு மங்கலுக்கு டிரான்ஸ்ஃபார்மரே காரணமாக இருந்து நான் பார்த்தது ஒரே ஒரு முறை. அதுவும் முன்பு வைத்திருந்தவர் ஃபியூஸுக்குப் பதில் தகரத்தாளைச் சுற்றி வைத்ததால் வெந்துபோனது. டிரான்ஸ்ஃபார்மர் என்பது இரும்பும் செம்புக் கம்பியும்தான். அது பாதி உயிரோடு நோஞ்சானாக ஓடிக்கொண்டிருக்கும் பொருள் இல்லை. உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், வார்னிஷ் கருகும் வாசனை வரும், ஃபியூஸ் போகும். இது எதையும் நீங்கள் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் லூஸ் கான்டாக்ட்டின் அடையாளம்.

ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் மீதியை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். இந்த இயந்திரங்களில் விளக்குக்குப் போவது ஆறு சொச்சம் வோல்ட் ஏசி. வழக்கமான பல்பு 44-ஆம் எண், அது 6.3 வோல்ட்டில் கால் ஆம்பியர் இழுக்கும். ஒரே சமயத்தில் நாற்பது பல்பு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் பத்து ஆம்பியர். வீட்டில் பத்து ஆம்பியர் என்றால் இஸ்திரிப்பெட்டி இழுக்கிற அளவு. அந்தப் பத்து ஆம்பியரும் ஒரே ஃபியூஸ், ஓரிரண்டு ரிலே முனை, ஓரிரண்டு பிளக் ஊசி வழியாகப் போக வேண்டும். வழியில் எங்காவது ஒரு இடத்தில் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை வந்துவிட்டால் போதும், ஒரு வோல்ட் அங்கேயே நின்றுவிடும். 115 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. ஆறில் ஒன்று போனால் தெரியும். டங்ஸ்டன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜோடு நேராக இறங்குவதில்லை, ஏறத்தாழ மூன்றரை அடுக்காக இறங்கும். 6.3 வோல்ட் 5 ஆகிவிட்டால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும், நிறமும் சிவக்கும். தமிழ்நாட்டில் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. கரண்ட் முறை வந்து பம்ப்செட்டுகள் ஓட ஆரம்பித்தால் வீட்டுக் குண்டு பல்பு வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்து நிற்குமே, அதே சங்கதிதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பத்தில் ஒரு பங்கு ஓமில் பத்து ஆம்பியர் ஓடினால் அந்த இடத்தில் பத்து வாட் வெப்பம் பிறக்கிறது. விரல் நக அளவுள்ள பித்தளைக் கிளிப்பில் பத்து வாட் என்றால் அது சின்ன சால்டரிங் அயர்ன் மாதிரி. சூடாக ஆக ஸ்பிரிங் தளரும், மேலே கருப்பு படியும், தடை இன்னும் ஏறும். அதனால்தான் போட்டவுடன் நன்றாக எரிந்து, அரை மணி நேரத்தில் மங்குகிறது. பல்பு ஹோல்டர்கள் அழுக்காக இருந்தால் இப்படி ஒரே சீராக எல்லாம் சேர்ந்து மங்காது. ஒன்று எரியும், ஒன்று மினுக்கும், ஒன்றைத் தட்டினால் எரியும்.

இப்போது அளக்கும் முறை. அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. ஆறு வோல்ட் உங்களை ஒன்றும் செய்யாது. ஆனால் அதே பெட்டிக்குள் 115 வோல்ட்டும் இருக்கிறது: மெயின் ஃபியூஸில், டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பக்கத்தில், மெக்கானிக்குக்காக உள்ளே வைத்திருக்கும் பிளக் பாயின்ட்டில். அந்த பிளக் பாயின்ட் பல இயந்திரங்களில் சுவிட்சை அணைத்த பிறகும் உயிரோடு இருக்கும். மோதிரம், கடிகாரத்தைக் கழற்றுங்கள், ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். எதையாவது தொட்டுக் கழற்ற வேண்டுமென்றால் சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, இயந்திரத்தை அணைத்துவிட்டு மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்ப்பது. எல்லாம் பீப் என்று கத்தும், எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வீர்கள். சாதாரண மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பாருங்கள், 0.2 அல்லது 0.3 ஓம் காட்டும். அது கம்பியின் தடை. நாம் தேடும் திருடன் அதைவிடச் சின்னவன், அந்த மீட்டரால் பிடிக்க முடியாது. இதை எனக்கு மில்லில் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஃபோர்மேன். ஓடுகிற மாட்டைத்தான் நொண்டுகிறதா என்று பார்க்க முடியும், படுத்திருக்கிற மாட்டைப் பார்த்து என்ன தெரியும் என்பார். ஆகவே விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போதே, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளக்க வேண்டும்.

இயந்திரத்தைப் போட்டு, மங்கும்வரை விட்டுவிடுங்கள். மங்கிய பிறகு மூன்று இடத்தில் அளங்கள். சுவர் பிளக்கில் 115 முதல் 120-க்குள் இருக்கிறதா? இருந்தால் வீட்டு மின்சாரத்தின்மேல் பழி இல்லை. எக்ஸ்டென்ஷன் கம்பி போட்டிருந்தால் அதன் கடைசியில் அளங்கள், சுவரில் அல்ல. அடுத்து, டிரான்ஸ்ஃபார்மரின் ஆறு வோல்ட் முனைகள் இரண்டிலும், கம்பி சால்டர் செய்திருக்கும் இடத்திலேயே. மூன்றாவது, ஆட்டத் தளத்தைத் தூக்கி நிறுத்தி, மங்கலாகத் தெரியும் ஒரு பல்பு ஹோல்டரில் கம்பி சேரும் இரண்டு காதுகளுக்கும் நடுவே. டிரான்ஸ்ஃபார்மரில் 6.2 இருந்து ஹோல்டரில் 4.8 இருந்தால், 1.4 வோல்ட் இடையில் எங்கோ விழுகிறது, டிரான்ஸ்ஃபார்மர் குற்றமற்றது. டிரான்ஸ்ஃபார்மர் முனையிலேயே 5-க்குக் கீழே இருந்தால்தான் அதைச் சந்தேகிக்கலாம். அப்போதும் அதை அளவுக்கு மீறி எதுவும் இழுக்கவில்லை என்று உறுதி செய்த பிறகே.

இடையில் விழுகிறது என்று தெரிந்துவிட்டால் இனி வேட்டை எளிது. மீட்டரின் இரண்டு முனைகளையும் போகிற கம்பியில் ஒன்று, திரும்புகிற கம்பியில் ஒன்று என்று வைக்காமல், சந்தேகப்படும் ஒரே இணைப்பின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வையுங்கள். நல்ல இணைப்பில் மீட்டர் கிட்டத்தட்டச் சுழியம் காட்டும், நூறில் சில பங்கு வோல்ட். 0.2-க்கு மேல் போனால் அங்கே வேலை இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் முனையிலிருந்து ஃபியூஸ் கிளிப், கிளிப்பிலிருந்து ஃபியூஸின் உலோகத் தொப்பி, தொப்பிக்குத் தொப்பி, மறுபக்கக் கிளிப், அங்கிருந்து ரிலே இதழ் (ஒன்றையொன்று தொடும் மெல்லிய உலோகப் பட்டை), இதழுக்கு இதழ், பிறகு பிளக்கின் ஆண் ஊசி, பெண் ஊசி என்று ஆற்றோடு நடப்பது மாதிரி நடந்து போங்கள். திரும்பி வரும் கம்பியையும் மறக்காதீர்கள். மின்சாரம் போகிற வழியில் தொலைவது போலவே வருகிற வழியிலும் தொலையும். போகிற வழியை மட்டும் சுத்தம் செய்துவிட்டு, பாதி குறை இன்னும் இருக்கிறதே என்று தலையைச் சொறிகிறவர்கள் அதிகம்.

உங்கள் இயந்திரத்தைப் பார்க்காமல் நான் பந்தயம் கட்டுவதென்றால் ஃபியூஸ் கிளிப்பில் கட்டுவேன். என் முதல் இயந்திரத்தில் மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஹோல்டராகத் தேய்த்தேன். கடைசியில் ஃபியூஸ் கிளிப்புக்கும் ஃபியூஸ் தொப்பிக்கும் நடுவே மீட்டரை வைத்தால் 0.9 வோல்ட். கிட்டத்தில் பார்த்தபோது கிளிப்பின் உள்பக்கம் பித்தளை நிறமே இல்லை, புளி போட்டுத் தேய்க்காத பழைய குத்துவிளக்கின் அடித்தண்டு மாதிரி பழுப்பும் கருப்புமாக இருந்தது. அதைத் தாங்கிய பலகை ஓரம் கருகியிருந்தது. ஃபியூஸை விரலால் சுழற்றினால் எந்தப் பிடிப்பும் இல்லாமல் சுற்றியது. கிளிப்பை இடுக்கியால் நெருக்கி, தேய்த்து வைத்தேன். ஒரு மாதம் நன்றாக எரிந்து மறுபடியும் மங்கியது. ஒருமுறை வெந்த ஸ்பிரிங்குக்குத் திரும்ப முறுக்கு வராது. புது ஃபியூஸ் தாங்கியே போட்டுவிடுங்கள், சில டாலர்தான். கூடவே ஃபியூஸையும் மாற்றுங்கள், அதன் தொப்பிக்குள் இருக்கும் ஈயம் சூட்டில் உருகிப் பாதி விட்டிருக்கலாம். இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறதோ அதையே போடுங்கள், ஒன்று கூடக் கூட்ட வேண்டாம்.

அடுத்த சந்தேகம் பிளக்குகள். ஆட்டத் தளம், பெட்டி, தலைப்பகுதி மூன்றையும் இணைக்கும் பெரிய பல ஊசி பிளக்குகளை ஐம்பது வருடத்தில் யாராவது பலமுறை பிடுங்கிச் சொருகியிருப்பார்கள். தளத்து விளக்கு மட்டும் மங்கி, தலைப்பகுதி விளக்கு நன்றாக இருந்தால், அல்லது மறுதலையாக இருந்தால், இரண்டும் பிரிகிற இடத்துக்குப் பிறகுதான் குறை; பிளக்கைத் தேய்த்துப் பாருங்கள். உங்களுக்கு எல்லாம் சேர்ந்து மங்குகிறது என்பதால் பிரிவதற்கு முன்னால் உள்ள இடம் என்று நினைக்கிறேன். இது ஊகம்தான், மூன்றாவது அளவை இரண்டு இடத்திலும் எடுத்தால் தெரிந்துவிடும்.

ரிலே முனைகளில் ஒரு சொல். ஆட்டம் முடிந்தால் அல்லது டில்ட் ஆனால் (இயந்திரத்தை அளவுக்கு மீறி ஆட்டியதால் ஆட்டம் நின்றுபோனால்) விளக்கை அணைக்க, விளக்கு மின்சாரம் சில ரிலேக்களின் இதழ்கள் வழியாகப் போகும். அந்த இதழ் நுனியிலுள்ள பொட்டுகள் பொசுங்கியிருக்கலாம். உப்புத்தாள் போட்டு அரக்காதீர்கள், பொட்டு தேய்ந்துபோகும், மணலும் பதியும். கான்டாக்ட்டுக்கென்றே விற்கும் மெல்லிய அரம் போதும், இரண்டு இழுப்பு. அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை நடுவில் வைத்து இழுத்தால் கருப்பு ஒட்டிக்கொண்டு வரும். எண்ணெய் ஸ்பிரே எதுவும் வேண்டவே வேண்டாம். தூசி சேர்ந்து பிசினாகி, பிறகு ரிலேக்கள் ஒட்டிக்கொள்ளும்.

இனி ஃபிளிப்பர் விஷயம், இது தனிக் கதை. காயில் எதுவும் இழுக்கும் நொடியில் விளக்கு லேசாகச் சிமிட்டுவது இந்த இயந்திரங்களின் குணம். ஒரே இரும்பின்மேல் விளக்குச் சுற்றும் காயில் சுற்றும் இருப்பதால் ஒன்று இழுத்தால் இன்னொன்று கொஞ்சம் தாழும். அது நோய் இல்லை. ஆனால் பொத்தானைப் பிடித்தே வைத்திருக்கும்போதும் விளக்கு தாழ்ந்தே இருக்கிறதா, அல்லது ஒரு சிமிட்டுக்குப் பிறகு பழையபடி வருகிறதா? இதை நீங்கள் எழுதவில்லை, இதில்தான் விடை இருக்கிறது. ஃபிளிப்பர் காயிலுக்குள் இரண்டு சுற்று உண்டு. ஒன்று தடித்த கம்பி, ஓரிரண்டு ஓம்தான், மட்டையை வேகமாக அடிக்க. மற்றது மெல்லிய கம்பி, தடை பல மடங்கு அதிகம், அடித்த பிறகு மேலேயே பிடித்து வைக்க. மட்டை முழுதும் மேலே போனதும் ஒரு சிறு சுவிட்ச் திறந்துகொள்ள வேண்டும்; திறந்தால்தான் மெல்லிய சுற்றும் வரிசையில் சேர்ந்து கரண்ட் குறையும். அந்த சுவிட்ச் வளைந்தோ ஒட்டியோ திறக்காமல் இருந்தால், பொத்தானைப் பிடித்திருக்கும் நேரமெல்லாம் முழு கரண்ட் ஓடும். விளக்கு தாழும், காயில் சுடும், விட்டுவைத்தால் சுற்றியிருக்கும் காகிதம் பழுத்துப் புகையும். இயந்திரத்தை அணைத்து, மட்டையைக் கையால் முழுதும் தூக்கிப் பாருங்கள். சுவிட்சின் இரண்டு பொட்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி வர வேண்டும். வராவிட்டால் நீளமான இதழை அடியிலிருந்து மெதுவாக வளைத்துச் சரிசெய்யலாம்.

ஆடாமல் சும்மா நிற்கும்போதே எங்காவது ஒரு காயில் இழுத்தபடி மாட்டிக்கொண்டிருந்தாலும் இதே மங்கல் வரும். டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். சந்தேகம் தீர, அணைத்து, காயில்களுக்கான ஃபியூஸைக் கழற்றிவிட்டு மறுபடி போடுங்கள். விளக்கு பிரகாசமானால் குற்றவாளி காயில் பக்கம். ஆனால் சில இயந்திரங்களில் விளக்கைப் பிடித்து வைக்கும் ரிலேயே அந்த ஃபியூஸ் வழியாக வாழ்கிறது, அப்போது விளக்கும் சேர்ந்து அணைந்துவிடும். பயப்பட வேண்டாம், அந்தச் சோதனை உங்களுக்கு உதவாது, அவ்வளவுதான்.

பல்பு மாற்றினேன் என்றீர்களே, எதை மாற்றினீர்கள்? 44-க்குப் பதில் 47 போட்டிருந்தால் அதுவே கொஞ்சம் மங்கல்தான். இரண்டும் 6.3 வோல்ட், ஆனால் 47 இழுப்பது 0.15 ஆம்பியர், வெளிச்சமும் கிட்டத்தட்ட பாதிதான். இதில் குறையும் உண்டு நன்மையும் உண்டு. நாற்பது பல்புக்குப் பத்து ஆம்பியர் என்பது ஆறாகக் குறையும், தலைப்பகுதிக் கண்ணாடியில் உள்ள படமும் சூட்டில் உரியாது. நான் தலைப்பகுதியில் 47-தான் போடுவேன். எண் தொப்பியில் பொறித்திருக்கும். அழிந்திருந்தால் உள்ளே இழை நிற்கும் கண்ணாடி மணியைப் பாருங்கள், வழக்கமாக 44-க்கு நீலம், 47-க்குப் பழுப்பு. இதைவிட மோசமானது, பழைய கார் டேஷ்போர்டுக்கான 14 வோல்ட் பல்பு. அதே அளவு, அதே கொக்கித் தொப்பி, சரியாக உட்கார்ந்துகொள்ளும். ஆறு வோல்ட்டில் கரித்துண்டு மாதிரி சிவந்து நிற்கும். ஒரு நண்பர் ஒரு பெட்டி முழுக்க அதை வாங்கிப் போட்டுவிட்டு, என்னைக் கூப்பிட்டு வயரிங் பார்க்கச் சொன்னார். ஆனால் உங்களுக்கு முதல் அரை மணி நேரம் பளிச்சென்று எரிகிறது என்பதால் பல்பை நான் பெரிதாகச் சந்தேகிக்கவில்லை.

எல்.இ.டி. போட்டால் தீருமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். மங்கல் மறையும், காரணம் போகாது. கரண்ட் வெகுவாகக் குறைந்துவிடுவதால் கெட்ட இணைப்பிலும் வோல்ட் அதிகம் விழாது. கருகிய கிளிப் கருகியபடியே உள்ளே இருக்கும். தவிர, மலிவான எல்.இ.டி.கள் ஏசியில் துடிப்பதைக் கண் உணரும். பந்து ஓடும்போது அது விட்டு விட்டுத் தெரியும். எனக்கு மஞ்சள் வெளிச்சம்தான் பிடிக்கும், அது என் வயசு. முதலில் இணைப்பைச் சரிசெய்யுங்கள், பிறகு எது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்தபின் அங்கங்கே ஒன்றிரண்டு பல்பு மட்டும் மினுக்கினால் அது ஹோல்டர். தளத்தின் அடியில் மரத்தோடு அடித்திருக்கும் அந்தத் தகர ஹோல்டர்களில், குழலும் காதும் சேரும் இடம் வெறும் இறுக்கிய மடிப்புதான், சால்டர் கிடையாது. ஐம்பது வருடத்தில் அங்கே துரு. பல்பைக் கழற்றி, குழலின் வெளிப்பக்கத்தைக் கொஞ்சம் சுரண்டி, ஒரு துண்டுக் கம்பியால் குழலையும் காதையும் சால்டர் செய்து இணைத்துவிட்டால் பல வருடம் ஓடும். பல்பின் அடியிலுள்ள ஈயப் பொட்டையும் ஒரு தேய் தேயுங்கள். அடி ஸ்பிரிங் செத்த ஹோல்டரை மாற்றுவதே மேல்.

இன்று இரவு கிளிப்பையும் ஃபிளிப்பர் சுவிட்சையும் பாருங்கள். பார்த்துவிட்டு, மங்கிய நிலையில் எடுத்த மூன்று எண்களையும் இங்கே எழுதுங்கள்: சுவர், டிரான்ஸ்ஃபார்மர் முனை, ஹோல்டர். கூடவே ஃபிளிப்பரைப் பிடித்தபடி டிரான்ஸ்ஃபார்மர் முனையில் என்ன காட்டுகிறது என்பதையும். அதைப் பார்த்தால் மீட்டரை அடுத்து எங்கே வைப்பது என்று சொல்ல முடியும்.